அரைத் திருகு

நீருக்குள் பார்க்கப் போடும் முகமூடிக் கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க எச்சில்தான் நல்லது, மேடம். அதற்கென்று கடையில் ஒரு திரவம் விற்கிறார்கள், வாங்காதீர்கள். துப்பி, விரலால் தேய்த்து, கடல்நீரில் ஒருமுறை அலசினால் போதும். பயணிகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். முகம் சுளிப்பார்கள், சிரிப்பார்கள், பிறகு நான் சொல்வதையெல்லாம் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

பலாவான் தீவின் இந்தப் பக்கத்தில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் கூட்டிப்போகும் வழிகாட்டிகள் நிறையப் பேர் உண்டு. கால்வாயைக் கடந்து பவளத்திட்டுக்குப் போவோம். அங்கே மூச்சுக்குழாயோடு மிதந்து மீன் பார்ப்பார்கள். மணல்திட்டில் சோறும் சுட்ட மீனும். திரும்பி வந்து இறங்கும்போது, கடலில் பார்த்த ஆமை அவர்களுக்கு நினைவிருக்கும், என் பெயர் இருக்காது.

ஒருநாள் ஒரு கொரியப் பெரியவரின் கயாக் கால்வாய் நடுவில் கவிழ்ந்தது. அது தானாக நடந்தது. அதில் எனக்குப் பங்கில்லை. அவரை இழுத்துக் கரைசேர்த்தேன். அவர் மனைவி என் கைகளை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாதிரியார் என் பெயரைச் சொன்னார். அன்று என் மனைவி மரிவிக் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விதமே வேறு.

அதற்குப் பிறகு நெடுநாள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கயாக்கின் பின்பக்கம் தண்ணீரை வடிக்க ஒரு துளையும், அதை மூட ஒரு அடைப்பானும் இருக்கும். அதை அரைத் திருகு தளர்த்தினால் போதும். கரையில் எதுவும் தெரியாது. கால்வாய் நடுவில் பின்பக்கம் கனத்து, சாயும். நன்றாக நீந்துபவர்களை நான் தேர்ந்தெடுத்ததில்லை. அவர்களுக்கு நான் தேவைப்பட மாட்டேன். எல்லாரும் மிதவைச் சட்டை போட்டிருந்தார்கள் என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரப் பயம், அவ்வளவுதான். அவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்ல ஒரு கதை கிடைத்தது.

ரெனான்டே மரிவிக்கின் தம்பி. என்னோடு வழிகாட்டியாக வேலை செய்தான். வாய் ஓயாதவன். ஒருநாள் மதியம் மணல்திட்டில், பயணிகள் முன்னால், "எங்க அத்தானுக்கு ராசியான கை. யாரு முழுகினாலும் அவரு கைக்கெட்டுற தூரத்துலதான் முழுகுவாங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் மட்டும் மீன்முள்ளை எடுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டான்.

"காலையில எல்லா அடைப்பானையும் நானே முறுக்கிப் பாத்தேன் அத்தான். இப்ப அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவோடது தொளதொளன்னு கெடக்கு. நடுவுல அதுகிட்டப் போனது நீங்க ஒருத்தர்தான்."

"உப்புல தேஞ்சிருக்கும்டா."

"போன தடவ நானும் அப்படித்தான் நெனச்சேன். அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா அவ தாங்கமாட்டா."

எனக்கு அவகாசம் கொடுத்தான். நல்ல பையன்.

வடக்குப் பாறையில் நீருக்கடியில் ஒரு பிளவு இருக்கிறது. ஒரு பயணியின் கேமரா அதற்குள் விழுந்துவிட்டதாக அவனிடம் சொன்னேன். எதுவும் விழவில்லை. "உள்ள இருட்டா இருக்கும், பின்னாலயே வாங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு அவன் மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினான். என்மேல் சந்தேகப்பட்டான்தான், ஆனால் இப்படி ஒன்றை அவன் நினைத்திருக்கவே மாட்டான்.

அந்தப் பிளவில் உடம்பைத் திருப்ப முடியாது. வந்த வழியே பின்னோக்கித்தான் வரவேண்டும். பின்னால் நான் இருந்தேன். முதலில் நகரச் சொல்லிக் காலால் மெல்லத் தட்டினான். பிறகு உதைத்தான். நான் இரண்டு பக்கமும் பாறையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மூச்சு அதிகம், மேடம். உதைப்பவனுக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அப்புறம் அவனை வெளியே இழுத்து மேலே கொண்டுவந்தேன். பயணிகளில் ஒருவர், டென்மார்க்காரர், என் கையிலிருந்து அவனை வாங்கிக் கரைக்கு இழுத்துப்போய் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். கரையில் இருந்தவர்கள் பார்த்தது அதை மட்டும்தான்.

அடக்கப் பூசையில் பாதிரியார் அந்த மனிதருக்கு நன்றி சொன்னார். ரெனான்டேயைக் கடலிலிருந்து மீட்டுக் கொடுத்தவர் என்றார். மரிவிக் அவர் கையில் முத்தமிட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நீங்கள் இந்த விசாரணையை விபத்து என்று முடிக்க இருந்தீர்கள். நானாக வந்து, அவனை வெளியே எடுத்தது நான் என்றேன். அந்த இருட்டில் அவன் இருந்த இடம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் இவ்வளவும் சொல்ல வேண்டியதாயிற்று.

மற்றதையெல்லாம் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். மரிவிக்கிடம் மட்டும் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அவள் தம்பியை மேலே கொண்டுவந்தது அந்த ஆள் இல்லை. நான்தான்.