கவோஸ் கடற்கரைப் பெயர்ப்பலகையைத் திருப்பியது பற்றி

பெயர் கலியோப்பி மவ்ரூதி. வயது அறுபத்தொன்று. கணவர் பெயர் அன்தீமோஸ். ஆர்மிரா தீவில் மேல் ஊரில், ரொட்டிக் கடைக்கு எதிர் வீட்டில் குடியிருக்கிறேன். ஆடு வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்கிறோம். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் லாம்ப்ரோஸ் தாமதமாக வந்தார் என்று கொடுக்கப்பட்ட புகார் தொடர்பாக, யாரும் அழைக்காமல் நானாகவே நிலையத்துக்கு வந்து, காவலர் நிக்கீதாஸ் எழுத இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்குக் கீழே கவோஸ் கடற்கரை இருக்கிறது. அங்கே கடை இல்லை, குடை இல்லை, பாட்டு இல்லை. கழுத்தளவு தண்ணீரில் நின்றாலும் கால் நகம் தெரியும். அதை அப்படியே வைத்துக்கொள்ள ஊரில் ஒரு வழக்கம் உண்டு. இயேசுவின் விண்ணேற்றப் பெருநாளன்று அந்த ஆண்டின் முதல் கடல் குளியலுக்கு எல்லோரும் அங்கே இறங்குவோம். திரும்பும்போது, முறை வந்த வீட்டார் பாதை பிரியும் இடத்திலுள்ள பெயர்ப்பலகையின் திருகாணியைத் தளர்த்தி, அம்புக்குறி குப்பைமேட்டைக் காட்டும்படி திருப்பி வைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் குப்பைமேடு வரை போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு கடற்கரைக்குப் போய்விடுவார்கள். கோடை முடிந்ததும் பலகையைப் பழையபடி நேராக்கிவிடுவோம். இந்த ஆண்டு எங்கள் வீட்டு முறை. அன்தீமோஸ் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள, நான்தான் திருப்பினேன். இருவரும் சிரித்துக்கொண்டேதான் செய்தோம்.

ஜூலை பத்தொன்பதாம் தேதி காலை பதினொரு மணியளவில் நானும் அன்தீமோசும் கவோசில் இருந்தோம். எங்களைத் தவிர ஈரோ என்ற பெண் மட்டும் இருந்தாள். தெஸ்ஸலோனிக்கியில் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள் என்பது பிறகுதான் தெரிந்தது. இங்கே எப்படி வந்தாய் என்று கடுகடுப்பாகக் கேட்டேன். "குப்பைமேட்டுக்கு எவனாவது போர்டு வைப்பானா? எதிர்ப்பக்கம் போய்ப் பாப்போம்னு வந்தேன்" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதன் பிறகு அன்தீமோஸ் ஆக்டோபஸ் பிடிக்க முங்கினார். நேரம் ஆகியும் மேலே வரவில்லை. நான் கத்திய கத்தலில் ஈரோ பாய்ந்து போய், அவரை இழுத்து வந்து மணலில் போட்டாள். உதடு நீலமாக இருந்தது. மூச்சு இல்லை. அவள் வாயோடு வாய் வைத்து ஊதினாள், நெஞ்சை அழுத்தினாள். "அழுவுறத அப்புறம் வெச்சுக்கங்கம்மா, மொதல்ல போன் பண்ணுங்க" என்று அதட்டினாள். அங்கே பாறை மேல் ஏறினால்தான் போன் எடுக்கும். ஏறி ஆம்புலன்சை அழைத்து, கவோஸ் என்று மட்டும் சொன்னேன். பலகை என் நினைவுக்கே வரவில்லை. இறங்கி வந்தபோது அவர் தண்ணீரைக் கக்கி இருமிக்கொண்டிருந்தார். அவ்வளவு நல்ல சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

அதன் பிறகு, பதினைந்து நிமிடத்தில் வர வேண்டிய வண்டி ஐம்பது நிமிடம் கழித்து வந்தது. அவ்வளவு நேரமும் ஈரோ அவர் தலையை மடியில் வைத்து, மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். லாம்ப்ரோஸ் தீவுக்கு வந்து அப்போது எட்டு நாள்தான் ஆகியிருந்தது. வண்டி இறங்காத கடைசிச் சரிவில் ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "மன்னிச்சிடுங்கம்மா, போர்டு பாத்துதான் வந்தேன், குப்பைமேட்டுல போய் நிக்குது" என்றார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை. அதற்காக வெட்கப்படுகிறேன்.

அன்தீமோஸ் பிழைத்துக்கொண்டார். நேற்று காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை போட்டார். நான் சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டேன். ஈரோவும் லாம்ப்ரோசும் இல்லாவிட்டால் அந்தத் திட்டு எனக்குக் கிடைத்திருக்காது. இருவருக்கும் என் ஆயுள் உள்ளவரை நன்றி சொன்னாலும் போதாது.

இதற்கிடையில் என் கொழுந்தன் மாந்தோஸ், காப்பிக் கடையில் இருந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, ஓட்டுநர் மீது புகார் கொடுத்திருக்கிறார். அது நிரூபணமானால் லாம்ப்ரோசின் வேலை போய்விடும். நான் உண்மையைச் சொல்லப்போவதாகச் சொன்னதற்கு, "சும்மா இருங்க அண்ணி! இது வெளிய தெரிஞ்சா அடுத்த கோடையில எவனாவது வந்து கவோஸ் முழுக்க சாய்வு நாற்காலியா போட்ருவான்" என்றார்.

"போடட்டும். உங்கண்ணன் அதுல ஒண்ணுல உக்காந்திருப்பாரு" என்றேன்.

இந்த இடத்தில் காவலர் நிக்கீதாஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பலகை விஷயத்த விட்டுருவோம் அத்தை. எழுதினா கேஸ் உங்க மேல திரும்பும்" என்றார். "அவர் மூச்சு விடுறாருப்பா, எனக்கு அது போதும். நீ எழுது" என்றேன். எழுதினார். சென்ற ஆண்டு எந்த வீட்டு முறை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சொன்னதெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நடந்தது இதுதான். கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) கலியோப்பி மவ்ரூதி

பதிவு செய்தவர் குறிப்பு: சென்ற ஆண்டு என் வீட்டு முறை. பலகையைத் திருப்பியவன் நான்.

(ஒப்பம்) காவலர் நிக்கீதாஸ்