லோகாம்பாளின் கடிகாரம்

புதிதாக எதையும் பழகிக்கொள்வதில் என்னைவிட லோகாம்பாளுக்குப் பொறுமை அதிகம். அந்தக் கைக்கடிகாரத்தையும் அப்படித்தான் பழகினாள்.

எங்கள் மகன் வசந்த் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் கம்பெனியில் வேலை செய்கிறான். அம்மாவுக்கு அடிக்கடி தலை சுற்றுகிறதே என்று அவன்தான் வாங்கி வந்து இடது கையில் கட்டிவிட்டான். கட்டியிருப்பவர் விழுந்தால் கடிகாரமே தெரிந்துகொண்டு அதிரும். ஒன்றும் ஆகவில்லை என்றால் பக்கத்திலிருக்கும் பொத்தானை ஒரு தட்டு தட்ட வேண்டும். தட்டாவிட்டால் சற்றுப் பொறுத்து வசந்துக்கு போன் போய்விடும். நாமாகக் கூப்பிடுவதானால் அதே பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

முதலில் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தாள். ஒருநாள் பூ கட்டும்போது பொத்தான் அழுந்தி, வேலையிலிருந்த பிள்ளை பதறிப்போய்க் கூப்பிட்டான். "ஒண்ணுமில்லடா, பூ கட்டிக்கினு இருக்கேன்" என்று சிரித்தாள். அப்புறம் தலையணை மேல் கையைப் போட்டுப் போட்டுத் தானே கற்றுக்கொண்டாள். நான் பஸ் கண்டக்டராக இருந்தவன். டிக்கெட் மெஷின் வந்தபோது நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவளைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது.

பங்குனியில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கடிகாரம் கூப்பிட்டு, வசந்த் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். லேசான அடிதான். திரும்பி வந்ததும் என்னிடம், "இன்னொரு வாட்டி வுழுந்தா அம்மாவ எங்கூட இட்டுக்கினு போயிடுவேன். நீயும் வாப்பா" என்றான். மருமகள் தேவிப்ரியாவும் வருந்தி அழைத்தாள். நல்ல பெண். ஆனால் ஆறாவது மாடியில், இன்னொருவர் வீட்டுச் சோற்றில், நான் எப்படி இருப்பேன்? வரவில்லை என்றேன். லோகாம்பாளும் அதையே சொல்வாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் வசந்திடம், "பால்கனில செடி வைக்கலாமாடா?" என்று கேட்டாள்.

அவளுக்கு வேற்றிடம் ஒத்துக்கொள்ளாது. அது எனக்குத் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது.

போன மாதம் ஒரு மதியம், மாடியில் காய்ந்த துணியை எடுத்து வந்தவள் படியில் தவறிக் குழாயடியில் வந்து விழுந்தாள். ஓடிப்போனேன். கண் திறந்திருந்தது. காதோரம் கொஞ்சம் ரத்தம். கடிகாரம் அதிர்ந்துகொண்டிருந்தது. நான் பொத்தானைத் தட்டினேன். அடங்கிவிட்டது.

வசந்த் வந்து இந்தக் கோலத்தில் பார்த்தால் அவளைக் கொண்டுபோய்விடுவான். முகம் துடைத்துப் பாயில் படுக்கவைத்தால் சாயங்காலத்துக்குள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள், பிறகு நானே டாக்டரிடம் அழைத்துப் போகலாம் என்று நினைத்தேன்.

அவள் வலது கையைக் கொண்டுவந்து பொத்தானைத் தேடினாள். அவ்வளவு வலியிலும் தட்டவில்லை. முறைப்படி அழுத்திப் பிடிக்கத்தான் போனாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். மற்றொரு கையால் கடிகாரத்தைக் கழற்றி எட்ட வைத்தேன்.

பிறகு தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். தண்ணீர் கொடுத்தேன், ஓரமாக வழிந்துவிட்டது. சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வெயில் சாயும்போது மடி கனத்தது. கடிகாரத்தை எடுத்து மறுபடி கட்டிவிட்டேன். வெறும் கையோடு அவளைப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் வசந்துக்கு போன் செய்தேன்.

கடிகாரத்தைத் தட்டியதும் கழற்றியதும் அவன் போனில் பதிவாகியிருக்கிறது என்கிறீர்கள். ஐயா, நான் மறுக்கவில்லை. உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். படித்தவர், சரியாகத்தான் சொல்லியிருப்பார். இப்போது ஒருவருக்கு மட்டும் காபி போட எனக்கு அளவு தெரியவில்லை. ஆனாலும் அவளை நான் எங்கும் போகவிடவில்லை. என் வீட்டில், என் மடியில்தான் போனாள்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டீர்கள். "உடுங்க" என்றாள். இரண்டு மூன்று தடவை சொன்னாள். பிள்ளையைக் கூப்பிட வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று சொன்னாள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வலது மணிக்கட்டில் என் விரல்கள் கன்றிப் பதிந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். இருக்கும், இறுக்கித்தான் பிடித்திருந்தேன். கையை விடச் சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேனா?