அந்தப் பெயருக்குத் திரும்பாதவள்

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும், விசாரணைக் குழுவுக்கும் தலைவரான ஐயா அவர்களே! அறிவூட்டும் ஆசான்களே! வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கைதட்டவும் கத்தவும் காத்திருக்கும் என் பல்கலைக்கழகத் தோழர்களே, தோழியரே! இந்த இறுதியாண்டு மாணவியின் வணக்கம்.

நன்றி சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். சொல்கிறேன். அதற்குமுன் ஓர் உண்மை. எனக்கு வயிறு எரிகிறது! சிரிக்காதீர்கள், முதலாண்டுப் பெண் ஒருத்தியைப் பார்த்துப் பொறாமையில் பொசுங்கிக்கொண்டிருக்கிறேன்.

முதலாண்டும் இறுதியாண்டும் சேர்ந்தே வேலை செய்யும் எங்கள் வேதியியல் ஆய்வகத்தில் வருகை எடுப்பவர் ஓர் ஆய்வு மாணவர். பெற்றவர் வைத்த பெயர் அவர் வாயில் வராது. அவர் வைத்த பட்டப்பெயர்தான் வரும். "கரிச்சட்டி!" என்பார். "உள்ளேன்!" என்பேன். என் நிறத்துக்கு அவர் தந்த பரிசு அது. சேர்ந்த நாள் முதல் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அந்த முதலாண்டுப் பெண்ணின் அம்மா மருத்துவமனையில் தரை துடைப்பவர். அது தெரிந்த அன்றே அந்த ஆய்வு மாணவர் அவளை, "பினாயில்!" என்றார். ஆய்வகமே சிரித்தது. அவள் சோதனைக்குழாயைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன, காது கேக்கலியா?"

"கேக்குதுண்ணே. என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

"அப்ப நீ வரலை."

வந்தவளை வரவில்லை என்றே குறித்தார். நாள்தோறும் கூப்பிட்டார், நாள்தோறும் அவள் திரும்பவில்லை. இன்று வருகை போதாதாம், தேர்வெழுத முடியாதாம்! புகார் கொடுத்தாள். "நீ இருந்ததற்குச் சாட்சி யார்?" என்று குழு கேட்டது. யாரும் வாய் திறக்கவில்லை.

என்ன முன்வரிசைத் தம்பி, விளையாட்டுக்குத்தானே கூப்பிட்டார் என்கிறாயா? விளையாட்டு என்றால் இருவரும் சிரிக்க வேண்டாமா? அவள் சிரித்தாளா? நான் சிரித்தேனா?

என்னைவிட அவளுக்கு என்ன கூடுதல்? பணமா? படையா? பக்கபலமா? வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்; அவள் அம்மா சீருடையோடு வந்து அதோ அமர்ந்திருக்கிறார். நானோ, "எல்லாரும் பாசமா இருக்காங்கம்மா" என்று ஃபோனில் சொல்லிவிட்டுக் குளியலறையில் அழுதவள். அதற்கும் பொறாமை!

காலையில் அவளிடம் கேட்டேவிட்டேன். "உனக்குப் பயமே இல்லியாடி?"

"ஐயோ, இல்லாமலா? பயத்துல ஒரு குழாயைக் கீழ போட்டு ஒடைச்சேன்க்கா. ஆனா அந்தப் பேருக்குத் திரும்ப மட்டும் மனசு வரல."

பயமறியாதவள் என்றால் மனத்தைத் தேற்றியிருப்பேன். என்னைப் போலவே பயந்திருக்கிறாள்! அதைத்தான் தாங்க முடியவில்லை.

தலைவர் அவர்களே! குறித்துக்கொள்ளுங்கள். அவள் ஒவ்வொரு நாளும் வந்தாள். எனக்கு அடுத்த மேசையில் நின்றாள். நான் பார்த்தேன். எந்த அறையில் கேட்டாலும், எவர் முன்னால் கேட்டாலும் சொல்வேன். நான் சாட்சி!

அடுத்து யார்? ஆய்வகத்தில் அத்தனை பேர் இருந்தோமே, அத்தனை பேருக்குமா கண் அவிந்துவிட்டது?

அதோ, கண்ணாடி போட்ட தங்கச்சி எழுந்துவிட்டாள்! பக்கத்தில் இருப்பவரே, அவள் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உட்காராதேம்மா! இன்னும் இருவர்... பின்னால் ஒரு வரிசையே!

தலைவர் எழுதுகிறார்; எழுதட்டும். என் வயிற்றெரிச்சலை இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. இன்னும் உட்கார்ந்தே இருப்பவர்களே, இன்றிரவு எங்களை நினைத்து நீங்கள் பொறாமைப்படுங்கள். வணக்கம்!