வியர்க்காத கேக்

சேர், இந்த அறையில் ஒரு பட்டர் கேக்கைக் கொண்டுவந்து வைத்தால், நாம் பேசி முடிப்பதற்குள் அதன் பூக்கள் சரிந்துவிடும். உங்கள் மின்விசிறி காற்றைச் சுற்றுகிறதே தவிர ஈரத்தை எடுப்பதில்லை. களப்புத் தண்ணீருக்கு இத்தனை பக்கத்தில் எந்தக் கட்டடமும் இப்படித்தான். சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் ஊர் பாலாவியில் உப்பு நன்றாக விளையும், கேக்தான் விளையாது என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.

நாங்கள் என்றால் நானும் ஃபஹ்மியாவும். அவள் எனக்கு அடுத்த வீடு. கேக் வேலையை இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம். மாவும் அடுப்பும் அவள் பொறுப்பு, ஐசிங்கும் அலங்காரமும் என் பொறுப்பு. குளிர்ப்பெட்டி என் வீட்டில் இருந்தது. அதை நானும் அவளும் மட்டுமே திறப்போம்.

கேக் வியர்க்கும் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். குளிரிலிருந்து வெளியே எடுத்த உடனே ஐசிங்கின் மேல் பொடிப் பொடியாக நீர் அரும்பும். பிறகு சிவப்பு வெள்ளையில் இறங்கும், எழுத்துகள் அழும், மாப்பிள்ளையின் பெயர் பெண்ணின் பெயருக்குள் ஒழுகும். நான் பட்டரைப் பாதியாகக் குறைத்து, வெள்ளைக் கொழுப்பும் பால்மாவும் கலந்து, பதம் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தேன். தோற்றுப்போன ஒவ்வொரு கலவையையும் ஃபஹ்மியா முகம் சுளிக்காமல் தின்று பார்த்தாள். கடைசியில் ஒன்று சரிவந்தது. அதைப் பூசிய கேக்கை உச்சி வெயிலில் முற்றத்தில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு துளிகூட அரும்பவில்லை.

“ராத்தா, இது வெயிலையே ஏமாத்திப் போடும்” என்றாள்.

அதன் பிறகு சிலாபத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். முன்னேஸ்வரத்துப் பக்கம் ஒரு பிறந்தநாளுக்குப் போன எங்கள் கேக், பந்தலில் அன்று முழுவதும் நின்றும் அசையவில்லை என்று தேடிவந்து சொன்னார்கள்.

ஃபஹ்மியா என் கூடப்பிறந்தவள் இல்லை. மன்னார்ப் பக்கத்திலிருந்து முஸ்லிம்களான எங்களை எல்லாம் இயக்கம் வெளியேறச் சொன்ன வருஷம் நான் சின்னப்பிள்ளை. கற்பிட்டிக்கு வந்த படகில் அவளுடைய உம்மா வயிற்றைப் பிடித்தபடி என் பக்கத்தில் இருந்தது நினைவிருக்கிறது. முகாமில், ஓலைக் கொட்டிலில், ஃபஹ்மியா பிறந்தாள். உம்மா அவளைப் பெற்றுவிட்டு எழும்பவில்லை. அந்தப் பிள்ளை என் இடுப்பில்தான் வளர்ந்தது. பின்னாளில் எனக்குக் கல்யாணம் நடந்தது, அந்த மனிதர் கட்டாருக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டார். உம்மு குல்சூம் எப்படித்தான் தாங்குகிறாளோ என்று அக்கம்பக்கம் என்னைப் பார்த்துக் கவலைப்பட்டது. எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஃபஹ்மியா இருந்தாளே.

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் எல்லோரையும் போல நாங்களும் ஊர் பார்க்கப் போனோம். அவளுடைய வாப்பாவின் காணி காடேறிக் கிடந்தது, ஆனால் உறுதிப் பத்திரம் இருந்தது. எங்கள் காணிக்கு உறுதியும் இல்லை, அடையாளமும் இல்லை. அங்கே வேறு யாரோ வீடு கட்டிக் கொடியில் துணி காயப்போட்டிருந்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போனா ரெண்டு பேரும் போவோம் ராத்தா. இல்லாட்டி இங்கேயே மவுத்தாகி அடங்குவோம்.”

நான் கேட்டு அவள் சொன்னதல்ல. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். நான் எந்த வாக்கும் கேட்கவில்லை.

போன சித்திரையில் பள்ளிக்கூட விடுமுறை வந்தது. மகள் அஸ்ரியாவோடு மன்னாரில் புருஷன் வீட்டாரிடம் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லி ஃபஹ்மியா புறப்பட்டாள். அஸ்ரியாவுக்கு ஆறு வயது. என்னைப் பெரியும்மா என்பாள். நான் ரோஜாப்பூக்களைப் பிழியும்போது மேசை ஓரத்தில் தாடையை வைத்துக்கொண்டு நிற்பாள். சரிந்த பூக்கள் அவளுக்கு என்பது எங்கள் ஒப்பந்தம். இளஞ்சிவப்புப் பூ என்றால் சரியாததையும் சரிந்தது என்று சாதிப்பாள்.

அவர்கள் போன பிறகு மஹ்ரூப் பாஸ் என்று ஒருவர் என்னைத் தேடி வந்தார். மன்னாரில் முசலிப் பக்கம் வீடு கட்டும் மேசன். கையில் கைப்பேசி, அதில் ஒரு புது வீட்டின் படம். வெள்ளைச் சுவர், நீலக் கதவு.

“தங்கச்சி, இந்த வீடு மாதிரியே ஒரு கேக் வேணும். குடிபோற நாளைக்கு என்ட அன்பளிப்பு. கட்டின பாஸ் வெறுங்கையோட போய் நிக்கேலுமா?”

வெயிலில் நீண்ட பயணம் ஆயிற்றே என்றேன். அதற்காகத்தானே வியர்க்காத கேக் செய்கிற ஆளை விசாரித்துக்கொண்டு வந்தேன் என்றார். நல்ல பகிடிக்காரர். வீட்டுக்காரியும் கேக் செய்கிறவள்தானாம், ஆனால் அவளுடைய வீட்டுக்கு அவளிடமே கேக் சொன்னால் ஊர் சிரிக்காதா என்று அவரே சிரித்தார்.

கேக்கில் என்ன பெயர் எழுதுவது என்று கேட்டேன்.

“ஸப்ரான், ஃபஹ்மியா எண்டு எழுதுங்க. லொறி ஓடுற ஸப்ரான். இந்தப் பக்கத்து ஆக்கள்தான், ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்” என்றேன்.

“பிறகென்ன. ஒங்கட ஆக்கள்தானே.”

அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். வீடு கட்டத் தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது என்றும், நீலக் கதவு ஃபஹ்மியாவின் விருப்பம் என்றும் பெருமையோடு சொன்னார். அந்த ஒரு வருஷமும் அவள் என் மேசையில் எனக்கு எதிரே நின்று மாவு சலித்திருக்கிறாள். கதவுக்கு நிறம் தேர்ந்த நாளிலும் என் வீட்டில்தான் சோறு தின்றிருப்பாள். அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொடுத்து, செய்து தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

நான் கோபப்பட்டேனா என்று நேற்று கேட்டீர்கள். கோபம் இருந்தால் கை நடுங்கும். நடுங்கும் கையால் ஓடு ஓடாகக் கூரை பிழிய முடியாது. அந்தக் கேக்கைப் பார்த்தவர்கள் யாரையும் கேளுங்கள், என் வேலைகளில் அதுதான் மிகச் சிறந்தது.

நான் யோசித்தது நியாயமான ஒன்று. அவள் திரும்பி வரவேண்டும். கெஞ்சினால் வரமாட்டாள், அழுதால் புருஷன் ஸப்ரான் பேசி மாற்றிவிடுவார். ஆனால் குடிபோன அன்றைக்கே வந்தவர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால், அந்த வீடு ராசியில்லாத வீடு என்று ஊர் சொல்லும். முதல் நாளே முசீபத்து இறங்கிய வீட்டில் எங்கள் பெண்கள் இருக்கமாட்டார்கள். ஃபஹ்மியாவும் அதற்குப் பயந்தவள்.

உள்ளே முட்டையும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய கஸ்டர்ட் வைத்தேன். கேக்கைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். பிறகு சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றினேன். நான் அந்தக் கேக்கில் எதையும் சேர்க்கவில்லை, சேர். உங்கள் ஆட்கள் என் சமையலறையில் தேடிய போத்தல்களில் ஒன்றும் கிடைக்காததற்குக் காரணம் அதுதான். மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பிளக்கைத் திரும்ப மாட்டினேன். உள்ளே இலேசாகப் புளித்திருக்கும். எலுமிச்சைச் சாறு கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்திருந்ததால் அது தெரிய வாய்ப்பில்லை. வெளியே ஒரு துளிகூட வியர்வை இல்லை, நீலக் கதவு அப்படியே இருந்தது. மற்ற ஐசிங் என்றால் உருகிக் காட்டிக்கொடுத்திருக்கும்.

கெட்ட கஸ்டர்ட் என்ன செய்யும் என்று தெரியுமா என்றால், தெரியும். அதற்கு முந்திய வருஷம் கறண்ட் நின்று கெட்டுப்போன கேக்கில் ஒரு துண்டை வீணாக்க மனமில்லாமல் தின்றுவிட்டு நான் ஆசுபத்திரியில் கிடந்தேன். ஃபஹ்மியாதான் பக்கத்திலிருந்து பார்த்தாள். பெரியவர் என்றபடியால் தப்பினீர்கள், சின்னப்பிள்ளை என்றால் சொல்லமுடியாது என்று டொக்டர் சொன்னார்.

மஹ்ரூப் பாஸ் வேனில் வந்து கேக்கை வாங்கிப் போனார். அன்றைக்கு நடந்ததைப் பிறகு அவரே வந்து அழுதுகொண்டு சொன்னார். பெட்டியைத் திறந்ததுமே இது யார் கை என்று ஃபஹ்மியாவுக்குத் தெரிந்துவிட்டதாம். வந்தவர்களுக்கு முன்னாலேயே அழுதாளாம். “என்ட ராத்தா எல்லாம் தெரிஞ்சும் செஞ்சு அனுப்பியிருக்கா. என்னை மன்னிச்சிட்டா” என்று சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் காட்டினாளாம். அதைக் கேட்டபோது எனக்கு மனது நிறைந்துபோனது.

எங்கள் ஊர் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புது வீட்டில் முதல் வாய் இனிப்பு அந்த வீட்டின் கடைசிப் பிள்ளைக்கு. முகாமில் ஓலைக் கொட்டில் மாறியபோதுகூட ஒரு கட்டி சர்க்கரையாவது அப்படிக் கொடுத்துவிட்டுத்தான் பெரியவர்கள் வாயில் போடுவார்கள். ஃபஹ்மியா அஸ்ரியாவுக்குத்தான் முதலில் வெட்டிக் கொடுத்திருக்கிறாள். பிள்ளை கேட்கக் கேட்க இரண்டாவதும் கொடுத்திருக்கிறாள். வந்தவர்கள் பலர் ஆசுபத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்தார்கள். அஸ்ரியா பிழைக்கவில்லை. வெயிலில் வேன் பயணம், அதுதான் காரணம் என்று அங்கே முடிவானது. பாஸும் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார். அது உங்கள் தவறில்லை என்று நான்தான் அவரைத் தேற்றினேன்.

ஃபஹ்மியா திரும்பி வந்தாள். நீலக் கதவு பூட்டிக் கிடக்கிறது. ஸப்ரான் லொறியோடு அலைகிறார், வீட்டுக்கு வருவது குறைவு. நான் அவளுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். தட்டு போனபடியே திரும்பி வரும். துக்கத்தில் யாருக்கும் பசிக்காது.

ஒரு நாள் பகலில் அவளாகவே என் வீட்டுக்கு வந்து குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். ஊருக்குப் போகுமுன் அவள் பிள்ளைகளுக்கு விற்கும், பொலித்தீன் உறையில் கட்டிய ஐஸ் பக்கட்டுகளை ஒரு தகரத்தில் நிமிர்த்தி அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவை உருகிச் சாய்ந்து, பிறகு சாய்ந்தபடியே ஒரே கட்டியாக உறைந்திருந்தன. அவள் அந்தக் கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, நீர் தரையில் சொட்டச் சொட்ட நின்றாள்.

“ராத்தா, நாங்க இல்லாத நேரம் கறண்ட் நிண்டதா?”

“இல்ல” என்றேன்.

ஓம் என்று சொல்லியிருந்தால் போதும். பாலாவியில் கறண்ட் நிற்பது புதினமா? ஆனால் அவளிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவள்தான் என்னிடம் ஒரு வருஷம் பொய் சொன்னாள். அவள் ஐஸைத் தொட்டியில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். அதன் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்வி. முதல் துண்டு யாருக்குப் போகும் என்று அந்த நேரம் எனக்கு நினைவு வந்ததா என்று. வந்தது, சேர். எழுதிக்கொள்ளுங்கள். கதவுக்கு முன்னால், கத்தி முதலில் இறங்கும் மூலையில் இளஞ்சிவப்பு ரோஜாக்களை வைத்தேன். அஸ்ரியாவுக்குப் பிடிக்கும் என்பதால் வைத்தேன். பிள்ளை இருக்கும்வரை ஃபஹ்மியாவுக்கு அந்த வீட்டை விட்டுவர மனம் வராது என்பதும் தெரிந்துதான் வைத்தேன்.

ஐஸ் பக்கட் சாய்ந்திருந்த விஷயத்தை உங்களுக்கு யார் சொன்னது என்று நான் கேட்கமாட்டேன். ஊரில் ஆயிரம் வாய். ஃபஹ்மியா அப்படிப்பட்டவள் இல்லை. காலையில் என்னைக் கூட்டிவரும்போது அவள் வெளியே மரத்தடி வாங்கில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, வெயிலுக்கு முக்காட்டை இழுத்துவிட்டிருந்தாள். எங்கே கையெழுத்து வைக்கவேண்டும் என்று காட்டுங்கள், சேர். அவளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, எனக்காகத்தான் இவ்வளவு நேரமும் காத்துக்கொண்டிருக்கிறாள், இரண்டு பேரும் ஒன்றாகவே வீட்டுக்குப் போய்விடுவோம்.