மெக்சிகோவுக்கு நடந்து போன அக்கா

கொழும்பு வெள்ளவத்தையில் பஸ் ஏறி எனக்கு முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்களில் மூத்தவர் சொன்னார்:

"சான் டியாகோவில மகளிட்ட நிக்கேக்க, ஒரு சனிக்கிழமை மெக்சிகோவுக்கு நடந்து போனனாங்கள்."

"நடந்தோ அக்கா? வேற நாட்டுக்கோ?"

"ஓம். அமெரிக்காவில ஹோட்டல் சாப்பாடு கட்டுபடியாகாது. எல்லைக்கு அங்கால அரைவாசிக் காசுதான். சனம் சந்தைக்குப் போற மாதிரிப் போகுது."

"செக்பொயின்ற் இல்லையோ?"

"இருக்கு. அங்க நிண்டவன் பாஸ்போட்டை மட்டும்தான் கேட்டவன்."

"பாக்கைத் திறக்கச் சொல்லேல்லையோ?"

"ஆர் சொல்லோணும்? இஞ்ச சண்டைக்காலத்துச் செக்பொயின்ற் பழக்கதோஷம், நானே திறந்து உடுப்பெல்லாத்தையும் மேசையில எடுத்து வச்சிட்டன்."

"ஐயோ! ஏசினவனோ?"

"இல்லை. சிரிச்சுப்போட்டு, ஒண்டொண்டா மடிச்சுத் தந்தவன்."

இளையவர் பஸ்ஸை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யூனிபோம் போட்டவனோ அக்கா?"

"ஓம். யூனிபோம் போட்டவன்."