அக்காவின் மூச்சுக்கு ஒரு செல்லோ

எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகினால் நான் உடனே சரிசெய்வதில்லை, ஐயா. முதலில் உட்கார்ந்து கேட்பேன். சின்ன அரங்கில் நான்கு பேர் வாசிக்கிற இசையை எழுதுவது என் தொழில். பஸ் பிரேக் பிடிப்பது, லிஃப்ட் கதவு முனகுவது, பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாமே எனக்குச் சரக்குதான். "கூரை இடிஞ்சு விழுந்தாலும் நீ தாளம் போட்டுக்கிட்டு இருப்பேடா" என்று அக்கா கிண்டல் செய்வாள்.

அப்பா அம்மா போனபின் என்னை ஆளாக்கியவள் அவள். துணிக்கடையில் நாளெல்லாம் கால்கடுக்க நின்று என்னை இசைப் பள்ளிக்கு அனுப்பினாள். அவளுக்கு ஆஸ்துமா. லிஃப்ட் பழுதான நாட்களில் நான்கு மாடி ஏறி வந்து, சோபாவில் சாய்ந்து மூச்சு வாங்குவாள். அந்த இழுப்பில் ஒரு செல்லோ, அடிக்குரலில் அழுகிற அந்தப் பெரிய வயலின், இருந்தது. எனக்கு மட்டும்தான் அது கேட்டது, ஏனென்றால் அவள்மேல் எனக்கு அவ்வளவு பாசம்.

புதிய படைப்பின் கடைசிப் பகுதியை அந்த மூச்சை வைத்தே எழுதினேன். முடிவுதான் பிடிபடவில்லை. மூச்சு உச்சத்துக்குப் போகிற நேரம் பார்த்து அவள் இன்ஹேலரை எடுத்து 'புஸ்' என்று அடித்துவிடுவாள். அதோடு எல்லாம் அறுந்துபோகும்.

"ஒரு தடவை அது இல்லாம பாக்கலாமாக்கா?" என்று கேட்டேன்.

"உயிரை வாங்காதடா" என்று சிரித்தாள்.

அடுத்து லிஃப்ட் நின்ற நாளன்று காலை, அவள் கைப்பையிலிருந்து அதை எடுத்தது நான்தான். சாயங்காலம் ஏறி வந்தாள். பையைத் துழாவினாள். என்னைப் பார்த்தாள். நான் மைக்கைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். அவள் கோபப்படவில்லை. "போதுமாடா தம்பி?" என்றாள். இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டினேன்.

நீங்கள் ஸ்டேஷனுக்கு எடுத்துப்போன ஒலிப்பதிவில் அந்தக் கேள்வி இருக்காது. செல்லோவுக்கு உதவாது என்று வெட்டிவிட்டேன்.

முதல் கச்சேரியில் பலர் அழுதார்கள். நானும் தேம்பித் தேம்பி அழுதேன். இனி வீட்டில் எனக்கென்று யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள். செல்லோ வாசித்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி ஒரு முடிவு எங்கே கெடச்சுது?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் இன்ஹேலர் எங்கே இருந்தது என்று கேட்கிறீர்கள். என் சட்டைப்பையில்தான் இருந்தது. கொடுக்கக் கூடாது என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை, ஐயா. அவள் முடிக்கட்டும் என்றுதான் காத்திருந்தேன்.