கேளா ஒலியால் நகர்ந்த எஃகுப் பட்டை

கடலோரக் கருவிப் பட்டறையில் இருபத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றி, தலைமை வரைவாளராய் இன்று ஓய்வு பெறும் உயர்திரு. ஜீவமணி அவர்களுக்கு அன்புடன் வாசித்தளிக்கும் மடல்

உப்பளங்கள் வெயிலில் கனவாய் மின்னும் தூத்துக்குடித் துறையில், காதுக்கு எட்டாத ஓசையைக் கனாக்கண்ட கருவிச் செல்வரே! நாசரேத் தந்த நன்மணியே! அதிர்ந்து பேசத் தெரியாத அண்ணாச்சியே! வணக்கம்.

தராசு முதல் திசைகாட்டி வரை, தாங்கள் தொட்டுத் துலங்காத கருவி இங்கே இல்லை. தாமதமாய் வந்தவரைக் கடிந்துகொள்ளாமல் கடிகாரத்தை மட்டும் ஒருமுறை பார்ப்பீர்கள். எங்களுக்கு அதுவே போதுமாயிருந்தது. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் ஊர் இது என்று, மாலை மணி அடித்ததும் பட்டறையிலுள்ள உலோகம் அனைத்தையும் எண்ணெய்த் துணியால் துடைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் தாங்களே.

மூன்றாண்டுக்கு முன் முத்து வளர்ப்புக் கூடத்தார் வந்து, நுண்ணோக்கியின் அடியில் சிப்பியை மயிரிழை மயிரிழையாய் நகர்த்த வழி கேட்டார்கள். கப்பலின் பழைய ஆழமானியிலிருந்து கழற்றிய பீங்கான் வில்லையைத் தாங்கள் கையிலெடுத்தீர்கள். மின்சாரம் பாய்ந்தால் நொடிக்கு நாற்பதாயிரம் முறை நடுங்கும் அந்த வில்லை, தன்மேல் அழுந்திய எஃகுப் பட்டையை ஒவ்வொரு நடுக்கத்திலும் இம்மி இம்மியாய்த் தள்ளும் என்று, தீப்பெட்டி அளவில் ஒரு மோட்டாரை வரைந்தீர்கள். சக்கரம் இல்லை, சத்தம் இல்லை. அதைச் செய்து முடித்த அன்று பிற்பகல் அந்தப் பட்டை தூக்கத்தில் புரளும் குழந்தையைப்போல் நகர்ந்தபோது, மூச்சுவிடவும் மறந்து நின்றோம்.

மறுநாள் காலை அது அசையவில்லை. பீங்கானில் ஈரம் ஏறிவிட்டதென்று மாற்றிச் செய்தீர்கள். செய்த அன்று ஓடியது, மறுநாள் படுத்துவிட்டது. மூன்று முறை இப்படி. சென்னையிலிருந்து அதிகாரிகள் பார்க்க வந்த காலையிலும் அது கல்லாய்க் கிடக்க, திட்டத்தை மூடிவிட்டுப் போனார்கள். "நமக்குக் கொடுத்து வச்சது அம்புட்டுதாம்லே" என்று சொல்லி அதை இழுப்பறையில் போட்டீர்கள். அன்று முதல் தங்கள் முகம் வாடியதை அறிவோம், ஐயா. தங்கள் வடிவமைப்பு தோற்றது என்ற நினைப்போடு தாங்கள் வீடு திரும்பக் கூடாதே என்பதுதான் எங்களுக்குப் பெருங்கவலையாய் இருந்தது.

சென்ற வாரம், நினைவுப் பரிசாகக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க அந்த மோட்டாரை எடுத்து, தங்களிடம் வரைவு பழகும் அல்போன்சா ஸ்பிரிட் விட்டுக் கழுவினார். ஆசைக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். பட்டை நகர்ந்தது! பெட்டிக்குள் இருந்ததால் மாலையில் துடைக்கும் எண்ணெய்த் துணி அதன்மேல் படவில்லை, மறுநாளும் நகர்ந்தது. பட்டறை உதவியாளர் பேச்சிமுத்து தலையில் கைவைத்துவிட்டார்.

"ஏளா, தெனமும் சாயங்காலம் எண்ணெ போட்டுத் தொடச்சது நாந்தாம்லா! அண்ணாச்சி மொகத்துல எப்படி முழிப்பேன்?"

ஆம் ஐயா, வில்லை பட்டையைப் பற்றித் தள்ள வேண்டிய இடத்தில் எண்ணெய் வழுக்கியிருக்கிறது. 'உலர்ந்த பரப்பு' என்று தங்கள் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தீர்கள். எங்களிடம் சொல்ல மறந்தீர்கள். துடைக்கச் சொன்ன விதியோ தங்களுடையது! ஆகவே பழியில் பாதி எங்களுக்கு, பாதி தங்களுக்கு. வடிவமைப்பில் மட்டும் எள்ளளவும் பிழை இல்லை.

நேற்று முத்துக் கூடத்தார் நேரில் பார்த்து, தங்கள் வரைபடத்தின்படியே இரண்டு செய்து தரக் கேட்டிருக்கிறார்கள். இல்லத்தரசியாரோடு தாங்கள் நோய்நொடியின்றி நெடுநாள் வாழ்க! நிம்மதியாய்த் தூங்குக!

மோட்டார் இதோ மேசைமேல் இருக்கிறது. எழுந்து வந்து, தங்கள் கையாலேயே சுவிட்சைப் போடுங்கள், ஐயா.

தங்கள் அன்பு மறவாத
பட்டறைப் பணியாளர்கள்
தூத்துக்குடி, 30-6-1978